கோட்டுக்கு வெளியே ஒரு சிவப்பு அட்டை

ஈஜிபுராவில் மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது வனஜா துப்பறியும் நிலையம். பெயர்தான் துப்பறியும் நிலையம். வேலை என்னவோ வருஷம் முழுக்க மாப்பிள்ளை விசாரணைதான். எலெக்ட்ரானிக் சிட்டியில் மேனேஜர் என்று ஜாதகத்தோடு எழுதி அனுப்புகிறவனுக்கு அங்கே உட்கார நாற்காலியாவது உண்டா, அமெரிக்கா போய் வந்தேன் என்கிறவன் ஓசூரையாவது தாண்டியிருக்கிறானா, இதையெல்லாம் பதினோரு வருஷமாகப் பார்த்துப் பார்த்து வனஜாவுக்கு மனுஷ ஜாதி மீதே ஓர் இளக்காரம் வந்துவிட்டிருந்தது. வயது நாற்பத்தாறு. பூதக்கண்ணாடி கிடையாது. ஒரு ஸ்கூட்டி உண்டு. ஓஸ்வால்ட் உண்டு.

ஓஸ்வால்ட் அவளுடைய உதவியாளன். நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவன். ஒரு காலத்தில் கோல்கீப்பர். "கையால எதையும் பிடிக்க வரல, அதனால வாயை வச்சுப் பிழைக்கிறேன்" என்று தன்னைப் பற்றித் தானே அறிமுகம் சொல்லிக்கொள்வான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, 2007ஆம் வருஷம், மழை வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு ஆகஸ்ட் மாதம், மாடிப்படி ஏறி வந்தவள் பெயர் சோனியா. பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் தையல் மிஷின் ஓட்டுகிறவள். பின்னாலேயே தலையைக் குனிந்துகொண்டு அவள் தம்பி நாகேஷ். நல்ல உயரம், நல்ல கால்கள், முகத்தில் மட்டும் இழவு வீட்டு அழுகை.

"அக்கா, இன்னிக்கு நாலு மணிக்குள்ள இவனைக் காப்பாத்திக் குடுங்க" என்றாள் சோனியா. உட்காரக்கூட இல்லை.

"என்ன பண்ணான்? யாரையாவது இழுத்துக்கிட்டு ஓடிட்டானா?"

"இவனா? பந்தைத் தவிர எதையும் இழுத்துக்கினு ஓடமாட்டான்."

விஷயம் இதுதான். கன்டோன்மென்ட் வட்டாரக் கால்பந்துக் கழகத்தின் கோப்பைப் போட்டி நடக்கிறது. செவ்வாய்க்கிழமை செமிஃபைனலில் நாகேஷின் டீம் ஜெயித்தது. ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். அதைப் பார்க்க ஒரு சர்க்கார் ஃபேக்டரியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரே ஒரு இடம். அடுத்த மாதம் நாகேஷுக்கு இருபத்தைந்து முடிகிறது. முடிந்தால் வயசு வரம்பு தாண்டிவிடும். தாண்டினால் ஆயுசு முழுக்கத் தண்ணி கேன் தூக்க வேண்டியதுதான். இந்த நேரம் பார்த்து வந்திருக்கிறது கழகத்திலிருந்து ஒரு நோட்டீஸ்.

வனஜா வாங்கிப் படித்தாள். "செமிஃபைனல் இறுதி விசிலுக்குப் பின், மைதான எல்லைக்குள், நடுவரை இழிவாகப் பேசிய எட்டாம் எண் ஆட்டக்காரருக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. ஆகவே அடுத்த ஆட்டத்தில் அவர் ஆடத் தடை." கீழே செயலாளர் சிவசங்கரனின் கையெழுத்து, பாம்பு பந்தலில் ஏறின மாதிரி நீளமாக.

"ஆட்டம்தான் முடிஞ்சுபோச்சே. அப்புறம் என்ன அட்டை? சாப்பிட்டு இலையை எடுத்தப்புறம் பந்திக்காரனை எழுப்பி வெளிய அனுப்பற மாதிரி?"

ஓஸ்வால்ட் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவனுக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரம் இது. "அப்படி இல்ல மேடம். ரெஃப்ரி கிரவுண்டுக்குள்ள கால் வச்ச நிமிஷத்துலேர்ந்து அட்டை காட்டலாம். கடைசி விசில் ஊதினாலும் அதிகாரம் போகாது. கோட்டைத் தாண்டி வெளிய போற வரைக்கும் அவர் ராஜாதான். வெளிய கால் வச்சாரோ, போச்சு. அதுக்கப்புறம் யாராவது திட்டினா, நடந்ததை ரிப்போர்ட்டா எழுதிக் குடுக்கலாம். அட்டை காட்ட முடியாது."

"எதுவானா என்ன, தண்டனை தண்டனைதானே?"

"அங்கதான் மேடம் இருக்கு. சிவப்பு அட்டைன்னா கேள்வியே கிடையாது, அடுத்த மேட்ச் தானாவே அவுட். ரிப்போர்ட்னா கமிட்டி கூப்பிட்டு விசாரிக்கணும். நம்ம கமிட்டி புதன்கிழமைதான் கூடும். ஃபைனல் ஞாயித்துக்கிழமை."

"ஆக, அந்த ஆள் கோட்டுக்கு எந்தப் பக்கம் நின்னார்ங்கறதுல இருக்கு இவன் சோறு."

"ஆமாக்கா" என்றாள் சோனியா. "நாலு மணிக்கு பிரசிடென்ட் ஃபைனல் லிஸ்ட்ல கையெழுத்துப் போட்டுடுவாரு. அப்புறம் யாராலயும் மாத்த முடியாது."

வனஜா நாகேஷ் பக்கம் திரும்பினாள். "வாயைத் திற. எங்க நின்னே, என்ன சொன்னே?"

"கிரவுண்டுக்கு வெளிய குழாயாண்ட மூஞ்சி கழுவிக்கினு இருந்தேங்க. ரெஃப்ரி கோவிந்தப்பா சார் அந்தப் பக்கமா போனாரு. கிளீனா ஒரு பெனால்டி, குடுக்காம வுட்டிருந்தாரு. அந்தக் கடுப்புல, 'சார், கண்ணாஸ்பத்திரிக்கு வழி தெரியலைன்னா சொல்லுங்க, நானே கூட்டினு போறேன்'னேன்."

"மூணு பேர் முன்னாடியா?"

"முப்பது பேரு."

"பேஷ். அப்புறம்?"

"நின்னாரு. சட்டைப் பாக்கெட்டுல கைவுட்டாரு. சிவப்பா எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாரு. பசங்க எல்லாம் 'ரெட்டு, ரெட்டு'ன்னு கத்தினானுங்க. அவரு ஒண்ணும் பேசாம ஸ்கூட்டரை எடுத்துக்கினு பூட்டாரு."

"அட்டையை நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேனே."

"சோப்பு போட்டா மூஞ்சி கழுவினே?"

நாகேஷ் அக்காவைப் பார்த்தான். "ஆமாங்க."

"கண்ணுல நுரை?"

"கொஞ்சம். ஆனா சிவப்பாத்தான் இருந்துச்சு."

"அடுத்தவன் கண்ணுக்கு ஆஸ்பத்திரி சொல்ற துரைக்குத் தன் கண்ணுல சோப்பு நுரை" என்றாள் வனஜா.

ஓஸ்வால்ட் மட்டும் புருவத்தைச் சுருக்கினான். "சட்டைப் பாக்கெட்டா? சிவப்பை எந்த ரெஃப்ரியும் சட்டைப் பாக்கெட்டுல வைக்க மாட்டான்டா. மஞ்சள் மேல, சிவப்பு பேன்ட்டு பின் பாக்கெட்டுல. அவசரத்துல மாத்தி எடுத்துடக் கூடாதுன்னு. அதோட அட்டைன்னா தலைக்கு மேல தூக்கணும். சாமியார் விபூதி நீட்டற மாதிரி மூஞ்சிக்கு நேரா யார் நீட்டுவா?"

வனஜா அதைக் காதில் போட்டுக்கொண்டாள். "சரி, குழாய் வெளிய இருக்குன்னு கமிட்டில சொல்ல வேண்டியதுதானே?"

சோனியா இடுப்பிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தாள். "நான்தான்க்கா கெடுத்துட்டேன். செக்ரட்டரி சார் நல்லவர் மாதிரி பேசினாரு. 'சிவப்பு அட்டை வாங்கினது உண்மை, மன்னிச்சிடுங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடும்மா, நான் பேசித் தடையை எடுத்துடறேன்'னாரு. டிடிபி சென்டர்ல டைப் பண்ணிக் குடுத்தோம். இது அதோட ஜெராக்ஸ்."

வனஜா அந்தக் கடிதத்தை விரல் நுனியால் பிடித்துப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் எத்தனையோ ஏமாளிகளைப் பார்த்திருக்கிறாள். தன் கழுத்துக்குத் தானே அளவெடுத்து, டைப் அடித்து, ஜெராக்ஸும் எடுத்து வைத்துக்கொண்டவர்கள் இவர்கள்தான்.

திட்டலாம் என்று வாயைத் திறந்தவள், சோனியாவின் விரல்களைப் பார்த்தாள். ஊசி ஏறின தழும்புகள். வாயை மூடிக்கொண்டு ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

ஸ்கூட்டியை வனஜா ஓட்ட, ஓஸ்வால்ட் பின்னால் உட்கார்ந்து ஊருக்கே கேட்கும்படி பேசிக்கொண்டு வந்தான்.

"இந்த சிவசங்கரன் யாருன்னு தெரியுமா மேடம்? ஃபைனல்ல எதிர் டீம் எலெக்ட்ரானிக் சிட்டி பசங்க. அதுலயும் ஒரு எட்டாம் நம்பர் இருக்கான். பேரு ஹரிஷ். அவனும் அதே ஃபேக்டரி இடத்துக்குத்தான் ஆடறான்."

"அதனால?"

"சிவசங்கரனோட சொந்தத் தங்கச்சி பையன்."

"அதானே பாத்தேன். நியாயத்துக்காக ஒருத்தன் இவ்வளவு நல்ல பேப்பர்ல நோட்டீஸ் அடிக்க மாட்டானே."

நீலசந்திரா பக்கத்து மைதானத்தில் புல் என்று ஒன்று இருந்ததாகப் பழைய ஆட்கள் சொல்வார்கள். இப்போது இருந்தது செம்மண்ணும் சுண்ணாம்புக் கோடும். அந்தக் கோட்டுக்குச் சொந்தக்காரர் மாதிரி நின்றுகொண்டிருந்தார் சின்னப்பா, மைதானக் காவலர், அறுபது வயசு. கழுத்தில் கயிற்றில் ஒரு சாவி தொங்கியது.

வனஜா கோட்டிலிருந்து குழாய் வரை நடந்து பார்த்தாள். இருபத்து மூன்று அடி வைக்க வேண்டியிருந்தது. குழாய் வெளியே என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அட்டையைக் குழாயடியில் காட்டினார் என்று சொல்லப் போகிற முப்பது பேரும் நாகேஷின் கூட்டாளிகள். அவர்கள் சொல்லை சிவசங்கரன் ஊதித் தள்ளிவிடுவான்.

"செவ்வாய்க்கிழமை நீங்க குழாயாண்ட இருந்தீங்களா, அண்ணே?" என்று கேட்டாள்.

"நான் இன்னாத்துக்கும்மா அங்க நிக்கறேன்? மேட்ச் முடிஞ்சா எனக்கு டின்னு வேலை இருக்குதே."

"என்ன டின்னு?"

சின்னப்பா அவளை மேலும் கீழும் பார்த்தார், அடிப்படைக் கல்வியே இல்லாத பெண்பிள்ளை என்பது போல. ஸ்டோர் ரூமைத் திறந்து பெரிய பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். மூடியில் பூட்டு.

"பத்து வருஷம் முன்ன இங்க ஒரு ரெஃப்ரி இருந்தாரும்மா. மேட்ச் முடிஞ்சும் அட்டை பாக்கெட்டுலயே இருக்கும். பஸ்ஸுல போறப்போ, ஸ்டாப்புல நிறுத்தலைன்னு கண்டக்டருக்கு மஞ்சள் காட்டிட்டாரு."

"கண்டக்டர் என்ன பண்ணார்?"

"அவராண்டயும் விசிலு இருக்குதே. நீட்டா ஒண்ணு ஊதி, வண்டியை நிறுத்தி, ரெஃப்ரியை இறக்கி வுட்டுட்டாரு. இன்னொருத்தரு மாமியாருக்கே சிவப்பு காட்டி, விஷயம் ஸ்டேஷன் வரைக்கும் போச்சு. அப்போலேர்ந்து கழகத்து ஆர்டரு. அட்டை ரெஃப்ரி கூட வெளிய போகக் கூடாது. நான் கோட்டு மேலயே நிப்பேன். அவரு வெளிய கால் எடுத்து வைக்கறதுக்கு முன்ன பந்து, விசிலு, மஞ்சள், சிவப்பு, நாலும் என் கைக்கு வந்துடணும்."

ஓஸ்வால்ட் மெதுவாக எழுந்து நின்றான். "செவ்வாய்க்கிழமை குடுத்தாரா?"

"குடுக்காம? கோவிந்தப்பா சாரு மத்தவங்க மாதிரி வீசமாட்டாரு. அட்டையைக் கர்ச்சீப்பால துடைச்சுக் குடுப்பாரு. அன்னிக்கு பூட்டினதுதான். அப்புறம் மேட்ச் இல்ல, திறக்கல."

சாவியைப் போட்டுத் திறந்தார். உள்ளே காற்று இறங்கின பந்து, விசில், மஞ்சள் அட்டை, அதன் மேல் சமர்த்தாகப் படுத்திருந்தது கழகத்து முத்திரை போட்ட சிவப்பு அட்டை.

ஓஸ்வால்ட் டின்னுக்குள் எட்டிப் பார்த்தான்.

"மேடம், ரெட் கார்டு இங்க தூங்குது. அப்ப குழாயாண்ட நீட்டினது?"

"அதான் கேள்வி. இத்தனை நேரம் எங்கே காட்டினான்னு தேடிக்கிட்டு இருந்தோம். எதைக் காட்டினான்னு ஒரு ஜென்மமும் கேக்கல. நானும் சேர்த்துத்தான்."

"சிவசங்கரன், ரெஃப்ரி சொந்தமா இன்னொரு அட்டை வச்சிருந்தார்னு சொன்னா?"

"சொல்லுவான். அதனால காட்டின கையையே போய்ப் பாத்துடலாம்." வனஜா சின்னப்பாவிடம் திரும்பினாள். "அண்ணே, டின்னைப் பூட்டுங்க. நாலு மணிக்கு அதோட கழக ஆஃபீசுக்கு வர முடியுமா?"

"டின்னு எங்க போனாலும் நான் கூடப் போவேன்" என்றார் சின்னப்பா.

கோவிந்தப்பா கோரமங்களாவில் ஒரு வங்கிக் கிளையில் பாஸ்புக் அச்சடிக்கும் கவுண்டரில் இருந்தார். ஐம்பது வயசு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, ஊசி போட்டாலும் வளையாத முதுகு. வரிசையில் நின்ற ஒரு கிழவர் கோட்டைத் தாண்டி அரை அடி முன்னே வந்ததற்கு, ஒரு பார்வையாலேயே அவரைப் பின்னுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். வனஜாவுக்குப் பார்த்த உடனே பிடிக்கவில்லை.

"ஏன் பேக்கு?" என்றார் கன்னடத்தில், என்ன வேண்டும் என்று. தமிழ் முகங்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "பாஸ்புக் எங்க?"

"பாஸ்புக் இல்ல சார். செமிஃபைனல்ல எட்டாம் நம்பர் பையனுக்கு நீங்க என்ன காட்டினீங்கன்னு தெரியணும்."

"மேட்ச் விஷயம் பேங்க்ல பேச மாட்டேன். ரிப்போர்ட் குடுத்தாச்சு. கமிட்டி பாக்கும். நெக்ஸ்ட்."

"ஒரு பையனோட வேலை சார்."

"பையன் வாயைப் பாத்துக்கணும். நெக்ஸ்ட்."

ஓஸ்வால்ட் அவள் காதோரம் குனிந்தான். "மேடம், சுவத்துல முட்டினா சுவராவது கொஞ்சம் பெயரும்."

வனஜா நகரவில்லை. முப்பது பேர் முன்னால் ஒரு ஆளைச் சீண்டினபோது அவன் கை எங்கே போனது என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள். மறுபடியும் சீண்டினால் மறுபடியும் அங்கேதானே போகும். வரிசை முழுக்கக் கேட்கும்படி, சாவகாசமாகச் சொன்னாள்.

"சரி விடுங்க சார். பெனால்டியே தெரியாத கண்ணு. அதுல நாங்க என்ன நியாயத்தை எதிர்பார்க்கறது?"

கோவிந்தப்பாவின் முகம் மாறவில்லை. வலது கை மட்டும், பழக்கிவிட்ட மாதிரி, சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது. சிவப்பாக ஒன்றை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டியது.

ஓஸ்வால்ட் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்வாங்கினான். "மேடம், நீங்களும் அவுட்."

வனஜா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். நல்ல குங்குமச் சிவப்பில் ஒரு கெட்டி அட்டை. "நடுவர்களுக்கான வருடாந்திர கண் பரிசோதனை" என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும். கீழே டாக்டர் கையெழுத்து. வலது கண் 6/6. இடது கண் 6/6.

"ரெண்டு கண்ணும்" என்றார் கோவிந்தப்பா. "சிக்ஸ் பை சிக்ஸ். கேக்கறவங்களுக்கெல்லாம் காட்டுவேன். பேச மாட்டேன், காட்டுவேன்."

"இதுவரைக்கும் எத்தனை பேருக்கு காட்டியிருக்கீங்க?"

"இந்த வருஷம் பத்தொன்பது. உங்களோட இருபது."

"குழாயாண்ட நின்ன பையன்?"

"பத்தொன்பது."

வனஜா சிரிக்கவில்லை. ஒரு முட்டாள் கேலி பண்ண, ஒரு வீம்புக்காரன் டாக்டர் சர்ட்டிஃபிகேட்டை நீட்ட, முப்பது மூடர்கள் அதை ரெட்டு என்று கத்த, கண்ணில் நுரையோடு இருந்தவன் அதை நம்ப, அவன் அக்கா அதை டைப் அடித்துக் கையெழுத்தும் வாங்க, ஒரே ஒரு புத்திசாலி மட்டும் இதையெல்லாம் அள்ளி மடியில் கட்டிக்கொண்டிருக்கிறான். நோட்டீஸை எடுத்து கவுண்டரில் வைத்தாள்.

கோவிந்தப்பா அதை இரண்டு தடவை படித்தார். காது மடல் சிவந்தது.

"இது நான் எழுதினது இல்ல."

"நீங்க என்ன எழுதினீங்க?"

கீழே குனிந்து டிபன் பையைத் திறந்தார். தயிர்சாத டப்பாவுக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் ஒரு கார்பன் காப்பி. "நான் மைதானத்தை விட்டு வெளியே வந்த பிறகு, குழாய் அருகில், எட்டாம் எண் ஆட்டக்காரர் என் பார்வையைக் குறித்து அவமரியாதையாகப் பேசினார். அட்டை காட்ட எனக்கு அதிகாரம் இல்லாததால் காட்டவில்லை. கமிட்டியின் கவனத்துக்கு."

"இருபத்திரண்டு வருஷம்" என்றார் கோவிந்தப்பா. குரல் லேசாக நடுங்கியது. "காட்டாத அட்டையை நான் காட்டினேன்னு எழுதியிருக்கான் இந்த ஆள்."

வனஜா அந்த நடுக்கத்தையும் இளக்காரமாகத்தான் பார்த்தாள். பையன் பிழைப்பு போகிறதே என்று ஒரு சொல் இல்லை, தன் அட்டைக்கு வந்த மானக்கேடுதான் பெரிதாகப் போயிற்று. ஆனாலும் இன்றைக்கு இந்த வீம்புதான் வேலைக்கு ஆகும்.

"நாலு மணிக்கு லிஸ்ட்ல கையெழுத்து சார். இப்பவே கிளம்பினா..."

"மூணரைக்கு கவுண்டர் மூடும். அதுவரைக்கும் நகர மாட்டேன்."

"சார், ஒரு நாள்..."

"நெக்ஸ்ட்" என்றார் கோவிந்தப்பா.

மூன்று முப்பதுக்குக் கவுண்டரை மூடினார். மூன்று முப்பத்தொன்றுக்கு வாசலில் அவருடைய ஸ்கூட்டர் உதைத்தும் கிளம்பவில்லை. வனஜாவின் ஸ்கூட்டியில் மூன்று பேர் ஏறுவது விதிமீறல் என்று சொல்லிவிட்டார். ஆகவே ரெஃப்ரி பின்னால் உட்கார்ந்தார், ஓஸ்வால்ட் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

கழக அலுவலகத்தில் மேசைக்கு நடுவில் பிரசிடென்ட் கிளாரன்ஸ், பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு. ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர், நல்ல மனுஷர், எந்தக் காகிதத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற அளவுக்கு நல்லவர். பக்கத்தில் சிவசங்கரன். விலை உயர்ந்த டிராக் சூட். வாங்கின நாளிலிருந்து அது ஓடினதே இல்லை. எதிரே சோனியாவும் நாகேஷும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மூலையில் சின்னப்பா, மடியில் டின்.

வனஜா மட்டும் உள்ளே வந்தாள். கோவிந்தப்பாவைக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தாள்.

"மணி மூணு ஐம்பத்தாறு. இப்போ எதுக்குங்க வாதம்?" என்றார் சிவசங்கரன். "குற்றவாளியே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்திருக்கான்."

"யார் எழுதச் சொன்னது?"

"நீங்கதானே சார் சொன்னீங்க" என்றாள் சோனியா.

"நான் நல்லதுக்குச் சொன்னேம்மா."

"நல்லதுக்குத்தான், யார் நல்லதுக்குன்னு சொல்லாம விட்டுட்டீங்க" என்றாள் வனஜா. "போகட்டும். அட்டை காட்டினதை நீங்களே பாத்தீங்களா?"

"இந்த ரெண்டு கண்ணால."

"எங்க நின்னார்?"

"சென்டர் லைன் பக்கத்துல. நல்லா உள்ள."

"எப்படிக் காட்டினார்?"

"எப்படிக் காட்டுவாங்க? பின் பாக்கெட்டுலேர்ந்து எடுத்துத் தலைக்கு மேல தூக்கினார்."

"ரெஃப்ரியோட சொந்த அட்டையா இருக்குமோ?"

"சொந்த அட்டை எல்லாம் நம்ம கழகத்துல அனுமதி இல்லைங்க. கழகத்து முத்திரை போட்ட அட்டை. நான் முத்திரையைக்கூடப் பாத்தேன்."

சிவசங்கரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஒரு பொய்க்கு இன்னும் நாலு பொய்யைச் சீதனமாக அனுப்பிவைத்த திருப்தி முகத்தில் தெரிந்தது. வனஜா கதவைத் திறந்தாள்.

கோவிந்தப்பா உள்ளே வந்தார். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. கார்பன் காப்பியைக் கிளாரன்ஸ் முன்னால் வைத்தார். அதன் மேல் சிவப்பு அட்டையை வைத்தார்.

"அன்னிக்கு குழாயாண்ட நான் காட்டினது இது. கழகத்து அட்டை கோட்டு மேலயே சின்னப்பா கைக்குப் போச்சு."

"நாலும் வந்துச்சு" என்றார் சின்னப்பா, டின்னைத் தட்டி. "இன்னியவரைக்கும் உள்ளயே இருக்குது."

கிளாரன்ஸ் சிவப்பு அட்டையைக் கிட்டே கொண்டுபோனார், தூரக் கொண்டுபோனார். "என்னப்பா எழுதியிருக்கு இதுல? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

அப்போதுதான் மூச்சிரைக்க உள்ளே நுழைந்த ஓஸ்வால்ட் சொன்னான். "கண்ணாஸ்பத்திரி அட்டை சார். உங்களுக்கும் ஒண்ணு எடுத்துடலாம்."

கிளாரன்ஸ் கார்பன் காப்பியைப் படித்தார். நோட்டீஸைப் படித்தார். தன் கையெழுத்து விழப்போகிற காகிதத்தை அவர் கடைசியாகப் படித்தது எந்த வருஷமோ. மெதுவாகச் சிவசங்கரன் பக்கம் திரும்பினார்.

"டைப் பண்றப்போ ஒரு வரி விட்டுப்போச்சு மாஸ்டர்" என்றார் சிவசங்கரன்.

"விட்டுப்போகல சார்" என்றாள் வனஜா. "சேர்ந்துபோச்சு. அதுவும் முத்திரையோட."

மணி மூன்று ஐம்பத்தொன்பதுக்கு கிளாரன்ஸ் லிஸ்டில் எட்டாம் எண்ணுக்கு நேரே போட்டிருந்த கோட்டை அடித்துவிட்டு, நாகேஷ் என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். சோனியா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாகேஷ் கோவிந்தப்பாவின் காலைத் தொடக் குனிந்தான். அவர் ஒரு அடி பின்னால் போனார்.

"அதெல்லாம் பேடா, வேண்டாம். ரிப்போர்ட்டை நான் வாபஸ் வாங்க மாட்டேன். புதன்கிழமை கமிட்டிக்கு வந்து, என்ன சொன்னியோ அதையே சொல்லு. குறைச்சும் சொல்லாதே, கூட்டியும் சொல்லாதே."

"சரிங்க சார்."

"ஞாயித்துக்கிழமை ஃபைனலுக்கும் நான்தான் ரெஃப்ரி."

நாகேஷ் சுவரோரம் அக்கா பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

"நாலு மணிக்கு ஆட்டம். மூணு ஐம்பத்தஞ்சுக்குக் கோட்டுக்குள்ள கால் வைப்பேன். அதுக்கப்புறம் என் கண்ணைப் பத்தி ஏதாவது பேசணும்னா பேசு. அப்போ டாக்டர் அட்டை வெளிய வராது."

சிவசங்கரன் சத்தமில்லாமல் எழுந்து, டிராக் சூட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார். வாங்கின நாளிலிருந்து முதல் தடவையாக அந்த டிராக் சூட் ஓடுகிற மாதிரி இருந்தது.

ஓஸ்வால்ட்டுக்குத் தாங்கவில்லை. "கோவிந்தப்பா சார், ஒரு சந்தேகம். இந்த மாதிரி செக்ரட்டரிக்கெல்லாம் சிவப்பு காட்ட முடியாதா?"

"முடியாது" என்றார் கோவிந்தப்பா. "அட்டை ஆட்டக்காரங்களுக்கு மட்டும்தான். அதுவும் மைதானத்துக்குள்ள. விதி."

"தப்பிச்சார்."

"யார் சொன்னது?"

கோவிந்தப்பா நாற்காலியை இழுத்து மேசைக்கு முன்னால் போட்டு, முதுகு வளையாமல் உட்கார்ந்தார். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துத் தேதி போட்டார். மாநிலச் சங்கத்துக்கு என்று மேலே எழுதினார். அப்புறம் தலையை நிமிர்த்தி, கதவுப் பிடியில் கை வைத்து நின்றுகொண்டிருந்த சிவசங்கரனை அந்த 6/6 கண்களால் பார்த்தார்.

"செக்ரட்டரி சார், போறதுக்கு முன்னாடி ஒரு கார்பன் பேப்பர் குடுத்துட்டுப் போங்க."